பத்தாம் கட்டை ஏத்தம்

அவன் ஹாண்டிலில் ஒரு சின்னப் பெட்டி.
எத்தனை மீற்றர் ஏறினான், எத்தனை இறங்கினான்,
நெஞ்சு எத்தனை தரம் அடித்தது,
எல்லாம் அதற்குத் தெரியும்.
என் ஹாண்டிலில் மணி இருக்கிறது.
சத்தம் வராது.

ஹென்னிங் என்று பெயர்.
சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து
விமானத்தில் கொண்டுவந்தவன்.
ஒரு விரலால் தூக்கிக் காட்டினான்.
தன் ஊர்க் கணவாய்க்கு நாற்பத்தெட்டு முடக்கு என்றான்.
நான் முடக்குக்குக் கணக்கு வைப்பதில்லை.
விடிய ஐந்தரைக்கு உப்புவெளியை விட்டோம்.
கடல் முதுகுப் பக்கம் போனது.

கன்னியாவில் நின்று
ஏழு கிணற்றுத் தண்ணியையும் கெண்டைக்காலில் ஊற்றினான்.
ஒன்றில் சூடு கூடவென்று துள்ளினான்.
அந்தியேட்டிக்கு வந்த குடும்பம் ஒன்று
ஈர வேட்டியோடு நின்று
அவனுடைய ஒட்டிப்போன கால்சட்டையைப் பார்த்து
கொஞ்ச நேரம் செத்தவரை மறந்தது.

அதற்கப்பால் பாலையும் வீரையும்.
நடு றோட்டில் யானை லத்தி, இன்னும் ஆவி பறக்க.
கதைக்காமல் உழக்கினோம்.
மலைகள் பெரிதில்லை இங்கே.
எழும்ப மனமில்லாத எருமைகள் போல
அங்கொன்று இங்கொன்றாகக் கிடக்கும்.
றோட்டு அவற்றை எழுப்பாமல்
இடையால் நெளிந்து போகும்.

பத்தாம் கட்டை.
ஏத்தம் தொடங்கி நூறு யார்,
உடைந்த மதகு, அதன் பக்கத்தில் ஒரு மருது.
நான் இறங்கினேன்.
களைப்பில்லை. மூச்சு வாங்கவுமில்லை.
முப்பது எட்டு உருட்டிவிட்டு
மறுபடி ஏறினேன்.

அவன் திரும்பி வந்தான்.
செயினா? இல்லை. காற்றா? இல்லை.
அந்த நேரம் பார்த்து
கரியரில் கத்தரிக்காய்ச் சாக்கோடு
ரொட்டவெவ மனாப் காக்கா.
அவரும் மதகடியில் இறங்கினார்,
உருட்டினார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார்,
மருது தாண்டிக் காலைத் தூக்கிப் போட்டார்.

நாலு வீதம், என்றான் ஹென்னிங்,
பெட்டியைத் தட்டிப் பார்த்து.
இது ஏத்தமே இல்லை.

எப்படிச் சொல்வது?
மண்மூட்டை. தார்ப் பீப்பா. குறுக்கே ஒரு தடி.
என்னிலும் இளைய பெடியன் ஒருவன், துவக்கோடு.
இறங்கு. தொப்பியைக் கழற்று. உருட்டு.
இரண்டு கையும் ஹாண்டிலில் தெரியவேண்டும்,
அதனால் ஐசியைப் பல்லில் கவ்விக்கொண்டு
முப்பது எட்டு.
பிளாஸ்டிக் உறையின் ருசி எனக்கு இன்னும் தெரியும்.
பீப்பா போய்விட்டது. தடி போய்விட்டது.
மரத்தில் அடித்திருந்த ஆணியை
மரமே விழுங்கிவிட்டது.

என் இங்கிலீசு டயர் அளவுக்கும்
முட்டை ரொட்டிக்கும் போதும், இதற்குக் காணாது.
பழக்கம், என்றேன் தமிழில்.
அவன் அதை இந்த ஏத்தத்தின் பெயரென்று எடுத்து
பெட்டியில் பதிந்துகொண்டான்.
ழகரம் நாக்குக்கு வரவில்லை.
பலகம், பலகம் என்று
பங்குளம் மட்டும் சொல்லிப் பார்த்தான்.

அதற்கு முன்னம் ஒன்று நடந்தது.
நாங்கள் மருதடியில் நிற்க
கீழேயிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை,
பின்னலை வாயில் கடித்தபடி,
சீற்றில் இருக்காமல் எழும்பி நின்று உழக்கி வந்தாள்.
"ஓரமா நில்லுங்கோ!"
மதகு, மரம், நாங்கள்
எல்லாம் ஒரே மூச்சில் பின்னால் போனோம்.

திரும்பும்போது அது இறக்கம்.
இந்தமுறை விடுவதில்லை என்று
பிறேக்கில் இருந்து விரலை எடுத்தேன்.
காற்று காதை அடைத்தது.
மருது வந்தது, போனது,
நிற்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பின்னேரம் ஹோட்டல் முற்றத்தில்
ஹென்னிங் கோட்டை விரித்துக் காட்டினான்.
பச்சைக் கோடு, அதில் இரண்டு சிவப்புப் புள்ளி.
ஏறும்போது நான்கு நிமிடம்.
இறங்கும்போது, அதே மருதடியில், பதினொரு செக்கன்.
அது உன் பெட்டியல்லவா, என்றேன்.
ஓம், என்றான். நீ நின்றாய். அதனால் நானும் நின்றேன்.

அவனுக்கு ஒரு இளநி சீவிக் கொடுத்தேன்.
நாளைக்குக் கிண்ணியாப் பாலம்.
மட்டமான வழி,
காற்று மட்டும் எதிர்க்காற்று.